தரைதட்டிய படகைத் தூக்கிப் பார்க்காமல் பயணம் போகலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். நண்பரோடு பாதிப் பங்கில் வாங்கிய 32 அடி பாய்மரப் படகு. நண்பர் வராத ஒரு நாளில் வேறு இருவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் போகும்போது மணல்திட்டில் தரைதட்டி, படகு அப்படியே நின்றுவிட்டது. கீழே அறைக்குள் நின்றவர் தடுப்பில் மோதித் தலையில் அடிபட்டார். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பத்து நிமிடம் முயன்றும் படகு அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, நீர் ஏறியபின், ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்துவிட்டது. உள்ளே தண்ணீர் வரவில்லை. மறுநாள் மூழ்கிப் பார்த்தபோது, கீல், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு, படகின் உடலோடு சேரும் இடத்தில், முன்பக்கம், மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. மூன்று வாரத்தில் 300 கடல் மைல் பயணம் இருக்கிறது. போகலாமா, அன்று செய்ததில் எது தவறு என்று கேட்கிறீர்கள். நண்பரிடம் சொல்ல வேண்டுமா என்ற இன்னொரு கேள்வியைக் கடைசி வரியில் போகிற போக்கில் வைத்திருக்கிறீர்கள்.

படகைக் கரையேற்றி, கீலையும் அதன் மேலுள்ள உட்பகுதியையும் தகுதியான ஒரு சர்வேயர், அதாவது படகுப் பரிசோதகர், பார்க்கும்வரை அந்தப் பயணம் வேண்டாம் என்பதே என் பதில். 22 ஆண்டுகளாகப் படகுகளைப் பரிசோதிப்பதுதான் என் தொழில். உங்கள் படகை நான் பார்த்ததில்லை. அது சேதமாகியிருக்கிறது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சேதமாகவில்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது.

படகைப் பற்றிப் பேசும் முன் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தார், பேசினார் என்பது போதாது. உள்ளே மெதுவாகக் கசியும் இரத்தம் பல மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்துத்தான் தன்னைக் காட்டும். தலைவலி கூடுவது, வாந்தி, குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி, தண்ணீர் வரவில்லை என்பதை ஏன் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்கிறேன். 5 டன் எடையுள்ள படகு 6 நாட் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல், அதே படகை ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தரையில் போட்டால் வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். அதனால்தான் 3 நாட் வேகத்தில் மெல்ல வந்து சேற்றில் அமர்ந்த படகும் 6 நாட் வேகத்தில் இறுகிய மணலில் மோதிய படகும் ஒரே பேச்சில் அடங்காது. உங்களுடையது இரண்டாம் வகை. ஒரு மனிதரைத் தூக்கி எறிந்த மோதல் அது.

அந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். தகடுபோலக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கீலின் அடி நின்றுவிடுகிறது; மேலே படகு முன்னே போகப் பார்க்கிறது. சுத்தியலின் பிளந்த பக்கத்தால் ஆணியை நெம்பிப் பிடுங்குகிறோமே, அதே வேலை இங்கே நடக்கிறது. கீலின் முன்முனை உடலைவிட்டுக் கீழே பிரிய முயல்கிறது. பின்முனையோ படகின் அடிப்பகுதியைக் கீழிருந்து மேலே குத்துகிறது. நீங்கள் விரிசலைப் பார்த்தது முன்பக்கத்தில். நான் கவலைப்படுவது பின்பக்கத்தைப் பற்றி. அங்கே ஃபைபர் அடுக்குகள் நசுங்கியிருக்கலாம்; படகின் அடியை உள்ளிருந்து தாங்கும் உள்சட்டம் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கலாம். அப்படிப் பிரிந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது, ஏனென்றால் வெளித்தோல் கிழிந்திருக்காது. தோல் நீரைத் தடுக்கிறது, சட்டம் சுமையைத் தாங்குகிறது. தண்ணீர் வரவில்லை என்பது தோலைப் பற்றிய செய்தி மட்டுமே.

இது ஏட்டுப் பயம் அல்ல. 2014 மே மாதம் செக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில், அட்லாண்டிக் நடுவில், கீல் கழன்று கவிழ்ந்தது. படகிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர் இல்லை, படகும் மீட்கப்படவில்லை. ஆகவே காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவே 2015 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆனால் முன்பு நடந்த தரைதட்டல்களும் அவற்றுக்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் உடலோடு இணையும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று அது சொன்னது. அந்த அறிக்கைக்குப் பிறகு, தரைதட்டிய படகைப் பரிசோதிக்கும்போது நான் செலவிடும் நேரம் இரண்டு மடங்காகிவிட்டது.

கரையேற்றும்வரை நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு. தரைப்பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டு, நல்ல விளக்கோடு கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள இடத்தைப் பாருங்கள். சட்டத்தின் மூலைகளில் புதிய விரிசல், ஃபைபர் வெளுத்துப்போன திட்டு, சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே பிசின் விட்ட கோடு இவை இருக்கிறதா என்று தேடுங்கள். சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் பொத்தென்று மழுங்கும். கீல் போல்ட்டுகளின் அடியிலுள்ள வாஷர்கள் ஃபைபருக்குள் அமிழ்ந்திருக்கின்றனவா, நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அறைக் கதவுகள் முன்புபோல மூடுகின்றனவா? திடீரென்று உரசும் கதவு, உடலின் வடிவம் மாறியிருப்பதைக் காட்டும் நல்ல சாட்சி. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சுக்கானை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது இறுகினால் அதன் தண்டு வளைந்திருக்கலாம். இவற்றில் எதையாவது கண்டால் கவலைக்குக் காரணம் உறுதி. எதையும் காணாவிட்டாலோ எதுவும் உறுதியில்லை. பல படகுகளில் உள்சட்டம் ஒரே வார்ப்பாகச் செய்து ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டு அதன் அடியில் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது.

கரையேற்றும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள். கிரேன் பட்டைகளில் படகு தொங்கும்போது கீலின் எடை முழுவதும் போல்ட்டுகளில் இருக்கும். அப்போது கீலும் உடலும் சேரும் கோட்டில் முன்னும் பின்னும் இடைவெளியை அளந்து, படமெடுத்து வைக்க வேண்டும். பிறகு கீலின் மேல் படகை மெல்ல இறக்கிவைத்து அதே இடங்களை மறுபடி அளக்க வேண்டும். தொங்கும்போது திறந்து, அமரும்போது மூடும் இடைவெளி இருந்தால் அந்த இணைப்பு வேலை செய்யவில்லை. படகு தொங்கும்போதே இருவர் கீலின் அடிமுனையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கட்டும், அசையவே கூடாது. சர்வேயரிடம் இவற்றைச் செய்யப்போகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். சேர்ப்பில் பூசிய நிரப்புப் பசையைப் புதுப்பித்து வண்ணம் அடித்தால் போதும் என்று சொல்பவர் உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் கண்ட அந்த மயிரிழை விரிசலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தரையே தட்டாத படகுகளிலும் கீல் சேர்ப்பின் முன்பக்கத்தில் நிரப்புப் பசை வெடிப்பதுண்டு. அது பழையதாகவும் தீங்கற்றதாகவும் இருக்கலாம். பழைய படம் ஏதேனும் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கீல் ஈயத்தால் ஆனதா வார்ப்பிரும்பால் ஆனதா என்பதும் முக்கியம். ஈயம் நசுங்கி, மோதலின் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். இரும்பு வாங்கிய அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை நம்பி விட்டுவிடவும் முடியாது. சேர்ப்புக்குள் உப்புநீர் புகுந்து காற்றில்லாமல் தேங்கினால் அந்த எஃகும் மறைவாக அரிக்கப்படும், நட்டு மட்டும் மேலே பளபளவென்று இருக்கும். சர்வேயர் ஐயப்பட்டால் ஓரிரு போல்ட்டுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார். செலவானாலும் மறுக்காதீர்கள்.

அன்று செய்தவற்றில் எது தவறு என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஒரு நிமிடத்தில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தது தவறில்லை. பத்து நிமிடம் ஓட்டியது தவறு. பின்னோக்கிச் சுழலும் விசிறி மணலைக் கிளப்பி முன்னே தள்ளுகிறது. அந்த மணல் கீலைச் சுற்றியே படிகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க் குழாயும் அதையே உறிஞ்சியிருக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்து, நீர்ப்பம்பின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை) கழற்றிப் பாருங்கள்; இதழ்கள் தேய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. பாய்களை உடனே இறக்கினீர்களா என்று எழுதவில்லை. காற்று திட்டை நோக்கி வீசினால் அதுதான் முதல் வேலை, இல்லாவிட்டால் காற்றே படகை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்.

அதைவிட முக்கியமானது, இழுப்பதற்கு முன் தரைப்பலகையைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. மணலில் அமர்ந்திருக்கும் படகு மூழ்காது. ஓட்டையோடு ஆழத்துக்கு இழுத்துவிட்டால் மூழ்கும். 1770 ஜூன் 11 இரவு, கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் ஏறிக்கொண்டது. ஏறியது நீர் உச்சத்தில் இருந்த நேரம். பீரங்கிகள், பாரக் கற்கள் என்று ஏறக்குறைய 50 டன்னைக் கடலில் எறிந்தும், மறுநாள் பகலில் வந்த கடல்நீர் ஏற்றத்தில் கப்பல் மிதக்கவில்லை. பகல் ஏற்றம் இரவு ஏற்றத்தைவிடத் தாழ்வாக இருந்தது. அடுத்த இரவுதான் மிதந்தது. விடுபட்ட உடனே மூழ்கிவிடுமோ என்பதே அவர்களின் பெரும் அச்சமாக இருந்தது. கம்பளியும் கயிற்றுப் பஞ்சும் தைத்த பாய் ஒன்றை ஓட்டையின் மேல் இழுத்து நீர்வரத்தைக் குறைத்தார்கள். பிறகு கரையேற்றிப் பார்த்தபோது, ஓட்டைகளில் ஒன்றை உடைந்த பவளத் துண்டே அடைத்துக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க ஏழு வாரம் போல ஆயிற்று. ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் வருவதில்லை என்பதை நான் புதியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் விளக்குவது வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சத்தில் தரைதட்டினால், அதே உயரத்துக்கு நீர் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம்.

உங்களுக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் காத்திருந்ததே நல்லதாயிற்று. இறங்கிக்கொண்டிருந்தால் கணக்கு வேறு. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடலில், ஆறு மணி நேர இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் ஒவ்வொரு மணியிலும் 1, 2, 3, 3, 2, 1 பங்கு இறங்கும் என்பது பழைய தோராயக் கணக்கு. மொத்தம் 3 மீட்டர் இறங்கும் இடத்தில் மூன்றாம் மணியில் மட்டும் 75 சென்டிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகம். அங்கே பத்து நிமிட யோசனைக்கு இடமில்லை. உடனே படகைச் சாய்க்க வேண்டும். ஆட்கள் ஒரே பக்கம் போய், பாயின் அடிக்கழியை வெளியே தள்ளி அதில் தொங்கினாலே சாயும். 2 மீட்டர் ஆழம் தேவைப்படும் படகு 25 பாகை சாய்ந்தால் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் மிச்சமாகும். இது ஒற்றைக் கீலுக்குத்தான். இரட்டைக் கீல் படகைச் சாய்த்தால் ஒரு கீல் இன்னும் ஆழமாகப் போகும். கீலின் அடியில் இறக்கை வைத்த படகிலும் அப்படியே, இறக்கை மணலில் குத்தும்.

அதுவும் பலிக்காவிட்டால் சிறு படகில் நங்கூரத்தை ஆழமான பக்கம் கொண்டுபோய் இறக்கிக் கயிற்றை இறுக்குங்கள். இழுப்பதற்கு மட்டும் அல்ல, அலை இன்னும் மேலே தள்ளாமல் பிடித்துவைக்கவும் அது வேண்டும். நீர் முழுவதும் வடியப்போகிறது என்றால் படகு ஆழம் குறைந்த பக்கமாகச் சாயும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆழப் பக்கம் சாய்ந்து கிடக்கும் படகில், நீர் திரும்பும்போது அது நிமிரும் முன்பே தண்ணீர் உள்ளே ஏறிவிடக்கூடும்.

இழுத்த மீன்பிடிப் படகின் கயிற்றை எதில் கட்டினீர்கள் என்று நினைவிருக்கிறதா? அந்தக் கட்டையைச் சுற்றியுள்ள மேல்தளத்தையும் அடியிலிருந்து பாருங்கள். பிடுங்கப்பட்ட அடையாளம் இருக்கலாம். அந்த மீன்பிடிப் படகுக்காரர் எதுவும் கேட்காமல் போனது அவருடைய பெருந்தன்மை. ஆபத்திலிருக்கும் படகை விரும்பி வந்து காப்பாற்றியவருக்கு, 1989 சர்வதேசக் கடல்மீட்பு ஒப்பந்தப்படி, மீட்ட சொத்தின் மதிப்பையும் ஆபத்தின் அளவையும் வைத்து வெகுமதி உண்டு. காப்பாற்றப்பட்ட மனிதர்கள் தங்கள் உயிருக்காக எதுவும் தர வேண்டியதில்லை. வெறும் இழுவைக் கூலி வேறு, மீட்பு வெகுமதி வேறு. உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில், கயிற்றை வாங்கும் முன் "கூலி எவ்வளவு?" என்று பேசி, உடன் இருப்பவர் காதில் விழும்படி ஒப்புக்கொள்ளுங்கள்.

காப்பீடு இருந்தால் இன்றே தெரிவியுங்கள். தாமதமான தகவலே பல கோரிக்கைகளைக் கெடுத்திருக்கிறது. படகுக் காப்பீடுகளில் பரவலாகப் பயன்படும் 1985 இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ் விதிகளில், தரைதட்டியபின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்கென்றே ஆன நியாயமான செலவு, சேதம் எதுவும் காணப்படாவிட்டாலும் தரப்படும் என்று இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜிபிஎஸ் பதிவு, நேரம், வேகம், அன்றைய நீர்மட்டம், படங்கள் எல்லாவற்றையும் அழியும் முன் சேமியுங்கள். துறைமுக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டு வரைபடத்தில் இருந்ததா என்றும் திரும்பிப் பாருங்கள். 2014 நவம்பர் 29 அன்று, உலகின் தேர்ந்த மாலுமிகள் ஓட்டிய வெஸ்டாஸ் விண்ட் என்ற 65 அடிப் பந்தயப் படகு, இந்தியப் பெருங்கடலின் கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் ஏறி நின்றது. மின்னணு வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ஆழமானி உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அது அடியில் இருப்பதைச் சொல்லும், முன்னால் இருப்பதைச் சொல்லாது. 6 நாட் என்பது நொடிக்கு 3 மீட்டர். 30 மீட்டர் தூரத்தில் தரை ஒரு மீட்டர் உயர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது பத்து நொடி.

நண்பரிடம் சொல்லுங்கள், சர்வேயரை அழைக்கும் முன்பே சொல்லுங்கள். அவர் தன் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீலில் என்ன நடந்திருக்கலாம் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். பூசி மறைத்த தரைதட்டல் பல ஆண்டுகள் கழித்து, படகை வாங்கப் போகிறவரின் பரிசோதனையில் வெளிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் விற்பவருக்கே அது தெரியாத நிலை. நானே என் 26வது வயதில் இன்னொருவரின் படகைத் தரைதட்ட வைத்து, மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் அவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் இன்றுவரை அதை நினைத்தால் வயிறு இறுகுகிறது.

படகைத் தூக்கும் அன்று, தொங்கும் நிலையிலும் அமர்ந்த நிலையிலும் சேர்ப்பின் பின்முனையில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று இங்கே எழுதுங்கள். கீல் ஈயமா இரும்பா என்பதையும், உள்சட்டத்தின் பின்மூலைப் படங்களையும் சேர்த்தால் இதைவிடத் தெளிவாக என்னால் பதில் சொல்ல முடியும்.